பால் பொங்குது

டிசம்பர் 13, சனி

அரையாண்டுத் தேர்வுக்கு வேதியியல் படிக்க உட்கார்ந்தேன். புத்தகத்தின் அட்டை கிழிந்திருந்தது. அட்டை போடாமல் எப்படிப் படிப்பது? பழைய பேப்பர் கட்டைப் பிரித்தேன்.

மூன்றாவது பேப்பரில் இசக்கி இருந்தாள். எந்த ஊரிலோ நடந்த மாவட்ட மல்யுத்தப் போட்டி. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள், 53 கிலோ எடைப்பிரிவு, விளையாட்டு விடுதி மாணவி இசக்கியம்மாள் முதலிடம். பதக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒரு போட்டோ. கடிக்கிற வித்தையெல்லாம் விடுதியில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் போல. இங்கே இருந்தவரை அவள் கடித்தது கடலைமிட்டாயை மட்டும்தான்.

கோவில்பட்டியில் ஒரு பெண்பிள்ளை விளையாடப் போகிறேன் என்றால் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுப்பார்கள். எங்கள் பள்ளிக்கு ஜாய்ஸ் டீச்சர் விளையாட்டு ஆசிரியையாக வந்து, நீளம் தாண்டும் மணல் குழியில் எங்களைக் கட்டிப் புரள விட்டார். ஆறாம் வகுப்பில் முதலில் குழிக்குள் இறங்கியது நானும் இசக்கியும். பத்தாம் வகுப்புத் தொடக்கத்தில் விடுதித் தேர்வுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். அவளை எடுத்துக்கொண்டார்கள். என்னைச் சுவரோடு நிற்கவைத்து உயரம் அளந்து, போகலாம் என்றார்கள். அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. நான் அதை நினைப்பதே இல்லை.

அந்தப் பேப்பரையே அட்டையாகப் போட்டுவிட்டேன். வேறு நல்ல பேப்பர் கிடைக்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் அம்மாவிடம் வசவு. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோலம் போடப் போனவள், வாசலில் இருந்தே கத்தியிருக்கிறாள். "ஏட்டி செம்பா, பால் பொங்குதுட்டி! பால் பொங்குது!" நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், போனில் ஒரு குஸ்தி வீடியோ பார்த்துக்கொண்டு. காதில் விழவில்லை. நிஜமாகவே விழவில்லை. பால் முழுக்க அடுப்பில் வழிந்த பிறகு நாற்றத்தில்தான் நிமிர்ந்தேன்.

"ஒனக்கு என்ன காதா, இல்ல வடைச் சட்டியாட்டி? இசக்கி நம்ம வீட்டுக்கு வந்தான்னா, நான் 'பா'ன்னு சொல்லும்போதே பாய்ஞ்சு அடுப்ப அணைப்பா. பெத்தது நான் ஒன்னைய."

அடுப்பைத் தேய்த்துக் கழுவினேன். அணைக்கட்டும். அவளையே பெற்றிருக்கலாம்.

டிசம்பர் 16, செவ்வாய்

தமிழ்த் தேர்வு சுமார். சாயங்காலம் பயிற்சி.

ஜாய்ஸ் டீச்சர் கல்லூரியில் ஆடியது த்ரோபால். குஸ்தியை அவர் போனில் பார்த்துத்தான் கற்றார். பிடிகளின் வெளிநாட்டுப் பெயர் ஒன்றும் அவர் வாயில் நுழையாது. அதனால் எல்லாவற்றுக்கும் சமையலறைப் பெயர் வைத்துவிட்டார். கீழே கிடப்பவளை இடுப்போடு கட்டிப் புரட்டினால் தோசை. இரண்டு கணுக்காலையும் பின்னிப் பிடித்துச் சுழற்றினால் முறுக்கு. இரண்டு தோளையும் மேட்டில், அதாவது குஸ்தி விரிப்பில், அமுக்கிப் பிடித்தால் கடலைமிட்டாய். எதிராளி காலைப் பிடிக்கப் பாய்ந்தால் உடனே நம் இரண்டு காலையும் பின்னால் எறிந்து, நெஞ்சால் அவள் மேல் விழ வேண்டும். அதற்கு, "பால் பொங்குது!"

"அடுப்புல பால் பொங்குனா யோசிச்சிட்டாட்டி இருப்ப? பதறிப்போய் ஒடம்பு தானா கிளம்பும்லா? அப்படிக் கிளம்பணும்" என்பார். டீச்சர் அப்படிக் கத்தும்போது என் உடம்பும் தானாகக் கிளம்பிவிடும். வீட்டில்தான் இந்தக் கோளாறு.

பயிற்சி முடிந்து எடை பார்த்தோம். நான் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. டீச்சர் சிரித்துவிட்டார். "ஒரு கிலோதான். சனிக்கிழமை மாவட்டப் போட்டிக்குள்ள எறக்கிரலாம். ராத்திரி சோத்த மட்டும் விடு. 49ல இந்த வருஷம் மாநிலத்துலயே ஆளு இல்ல செம்பா. போன வருஷம் ஜெயிச்சவ வயசு தாண்டிட்டா. நீ நேரா தேசியப் போட்டிக்கு ரயில் ஏற வேண்டியதுதான்."

ஒவ்வொரு எடைப்பிரிவிலும் மாநிலத்தில் முதலில் வருகிற ஒருத்திதான் தேசியப் போட்டிக்குப் போவாள். போன வருஷம் எனக்கு மூன்றாமிடம். ரயில் ஏறுவதை நான் ஒன்றரை வருஷமாகக் கனவில் பார்க்கிறேன். சரி டீச்சர் என்றேன்.

டிசம்பர் 19, வெள்ளி

அம்மா குழிப்பணியாரம் சுட்டாள். வீட்டில் சுட்டதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

டிசம்பர் 20, சனி

தூத்துக்குடியில் மாவட்டப் போட்டி. காலையில் ஒரே தாகம். பஸ்ஸில் போகும்போதே இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டேன். பஸ் நிலையத்தில் வாழைப்பழம் நன்றாக இருந்தது.

எடை மேடையில் ஏறினேன். ஐம்பத்தொன்றைத் தாண்டி நின்றது. டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "ஏட்டி, என்னட்டி இது? நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்த?" என் பின்னால் நின்ற எங்கள் வேணி, 46 கிலோவுக்காக மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள், என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"பணியாரம் டீச்சர். அம்மா சுட்டுட்டா."

49ல் இடமில்லை. அடுத்த பிரிவு 53. அதில்தான் எழுதினார்கள். வேறு என்ன செய்வது?

என்னைவிட ஒரு சாண் உயரமான பெண்களோடு மோதினேன். கடைசி ஆட்டத்தில் மூச்சு வாங்கிவிட்டது. ஆனாலும் ஜெயித்தேன். மாநிலப் போட்டி ஜனவரியில், நாமக்கல்லில். 53 கிலோ.

வரும் வழியெல்லாம் டீச்சர் பணியாரத்தையே திட்டிக்கொண்டு வந்தார்.

டிசம்பர் 22, திங்கள்

வேதியியல் தேர்வு. அட்டை நன்றாக இருந்தது. மற்றபடி சொல்வதற்கில்லை.

டீச்சர் மணல் குழி ஓரத்தில் உட்காரச் சொன்னார். "நெசத்தச் சொல்லு. எதுக்கு 53?"

"பசிச்சது டீச்சர்."

"49ல ஒனக்குத் தங்கம் எடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு. 53ல யாரு இருக்கான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நானும் பேப்பர் படிக்கவதான்."

நான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். டீச்சர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அவகிட்ட தோத்தா ரயிலும் போச்சு, எல்லாம் போச்சு. அத மட்டும் மனசுல வச்சுக்கோ. இனிமே ஒவ்வொரு வேளையும் ரெண்டு வேளைச் சோறு சாப்புடு. 53ல நிக்கணும்னா ஒடம்புல எதாவது இருக்கணும்லா."

தோற்க மாட்டேன். அவளிடம் மட்டும் தோற்கவே மாட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

டீச்சர் வீட்டிலிருந்து கேக் வந்தது. பிளம் கேக். நானே பாதி சாப்பிட்டேன்.

அம்மா சொன்னாள், இசக்கி போன் பண்ணினாளாம். பயிற்சி முகாமாம், லீவுக்கு ஊருக்கு வரவில்லையாம். என்னைக் கேட்டாளாம்.

"நான் குளிச்சிட்டிருந்தேன்."

"அவ எப்பப் போன் பண்ணுனாலும் நீ குளிச்சிட்டுத்தானட்டி இருக்க. ஒன்றரை வருசமா குளிக்க. இன்னுமா அழுக்குப் போவல?"

டிசம்பர் 28, ஞாயிறு

ஒரு பெரிய சிக்கல். டீச்சருக்கு இன்றுதான் உறைத்தது. இசக்கிக்கு எங்கள் வார்த்தை அத்தனையும் தெரியும். டீச்சர் வெளியில் நின்று 'தோசை' என்றால் நான் புரட்டப் போகிறேன் என்று அவளுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

வார்த்தையை மாற்றிப் பார்த்தோம். சமையலறையை விட்டுவிட்டுப் பழக்கடைக்குப் போனோம். தோசை இனிமேல் கொய்யா. முறுக்கு இனிமேல் சப்போட்டா. டீச்சர் "கொய்யா!" என்று கத்தினார். நான் நின்று யோசித்தேன். அதற்குள் வேணி என்னைத் தூக்கிப் போட்டுவிட்டாள். 46 கிலோ வேணி! அடுத்த தடவை டீச்சரே "மாதுளை!" என்று கத்திவிட்டு, "ஏட்டி, மாதுளைன்னா என்ன வச்சோம்?" என்று எங்களையே கேட்டார்.

ஐந்து வருஷம் மணலில் புரண்டு ஏறிய வார்த்தை பத்து நாளில் இறங்குமா? கடைசியில் டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார். இசக்கியோடு ஆட்டம் வந்தால் அவர் வாயே திறக்க மாட்டார். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாவது சும்மா இருப்பார்.

டீச்சர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

ஜனவரி 1, வியாழன்

புத்தாண்டு. கேசரி. எடை ஐம்பத்திரண்டு.

ஜனவரி 4, ஞாயிறு

மறுபடியும் பால் வழிந்துவிட்டது. நான் கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தேன். அம்மா வந்து என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அடுப்பு முன்னால் நிறுத்தினாள். "பாரு, கண்ணால பாரு. எத்தன தடவ கத்துனேன்!"

குஸ்தி வீடியோ பார்க்கும்போது என் காது தானாக மூடிக்கொள்கிறது. நான் என்ன செய்ய? மனசு ஓரிடத்தில் நின்றுவிட்டால் கூப்பிடுகிற குரல் எங்கேயோ அடுத்த வீட்டில் கேட்கிற மாதிரிதான் கேட்கிறது.

ஜனவரி 8, வியாழன். நாமக்கல்

கிளம்பும்போது தெருவே கூடி நின்று ஒரே கேலி. "நாமக்கல்லுக்குப் போற, முட்டை வாங்கிட்டு வந்துராதட்டி." ஒருவர் சொன்னால் சிரிக்கலாம். ஏழு பேர் சொன்னால் எப்படிச் சிரிப்பது?

பஸ்ஸில் வேணி எச்சிலைத் துப்பிக்கொண்டே வந்தாள், எடை குறையுமாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். பாவம், மோப்பம் பிடித்தே அவளுக்கு நூறு கிராம் ஏறியிருக்கும்.

ஜனவரி 9, வெள்ளி

காலையில் எடை பார்க்க வரிசை. 53 கிலோ பெண்கள் எல்லோரும் நெட்டை. நடுவில் நான் மட்டும் பாதியில் வளர்ச்சி நின்ற முருங்கை மாதிரி.

எனக்கு நான்கு பேருக்கு முன்னால் இசக்கி நின்றாள். முடியைத் தோள் வரை வெட்டியிருந்தாள். கழுத்து தடித்திருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் கண் பெரிதானது. பிறகு முகம் முழுக்கச் சிரித்தாள், பழைய சிரிப்பு, ஓரப்பல் தெரிய. நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. அதனால் அவிழ்த்துவிட்டுக் கட்டினேன்.

நிமிர்ந்தபோது அவள் எடை மேடையில் ஏறியிருந்தாள்.

குலுக்கலில் அவள் மேல் பாதி, நான் கீழ்ப் பாதி. இரண்டு பேரும் ஜெயித்துக்கொண்டே வந்தால் இறுதிப் போட்டியில் மட்டும்தான் சந்திப்போம். முதல் ஆட்டம் தோசையிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் டீச்சர் "முறுக்கு! முறுக்கு!" என்று கத்த, எதிர்ப்பக்கப் பயிற்சியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார், யாரோ விற்க வந்திருக்கிறார்கள் என்று. அதற்குள் அவர் பிள்ளை இரண்டு தடவை சுழன்றிருந்தது. அரையிறுதி கஷ்டம். சேலத்துப் பெண், நல்ல பலம். கடைசி நேரத்தில் காலுக்குப் பாய்ந்தாள். "பால் பொங்குது!" என்று கேட்டதுதான் தெரியும், நான் அவள் முதுகின் மேல் இருந்தேன்.

பக்கத்து மேட்டில் இசக்கியும் ஜெயித்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. ஒன்பதுக்கு இரண்டு என்று வேணி சொன்னாள். நான் பார்த்தபோது ஒன்பதுக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

வேணிக்கு வெண்கலம். இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜனவரி 10, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

எனக்கு நீலம், அவளுக்குச் சிவப்பு. மேட்டின் நடுவில் நின்று கை கொடுத்தோம். அவள் கை காய்த்துப் போயிருந்தது. "ஒனக்கு 49 தானட்டி?" என்று உதடு அசையாமல் கேட்டாள். நடுவர் விசில் ஊதினார்.

டீச்சர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நிஜமாகவே கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

இசக்கி மாறியிருந்தாள். முன்பெல்லாம் அவள் பாயும் முன் இடது தோள் ஒரு நொடி இறங்கும். இப்போது அது இல்லை. என்ன நடந்தது என்று தெரிவதற்குள் என் இரண்டு காலும் அவள் கையில். நான் கீழே. இரண்டு புள்ளி. எழுந்தேன். என்னை மேட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனாள். என் கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. இன்னொரு புள்ளி. மூன்றுக்குச் சைபர். நாமக்கல் முட்டை. தெருவில் சொன்ன ஏழு பேரும் நினைவுக்கு வந்தார்கள்.

ஒவ்வொன்றிலும் அவள் எனக்கு முன்னால் இருந்தாள். உயரத்தில், வேகத்தில், எல்லாவற்றிலும். அந்தச் சுவரோடு மறுபடியும் நிற்பது போல இருந்தது எனக்கு.

அப்போதுதான் அது நடந்தது. இசக்கி மறுபடியும் பாய்வது போல லேசாகக் குனிந்தாள். வெறும் பாவனைதான். ஆனால் டீச்சரால் பொறுக்க முடியவில்லை. கைக்குட்டையைத் துப்பிவிட்டு அரங்கமே அதிர ஒரு கத்தல்.

"ஏட்டி, பால் பொங்குது!"

நான் இரண்டு காலையும் பின்னால் எறிந்தேன். அதே நொடியில் இசக்கியும் இரண்டு காலையும் பின்னால் எறிந்தாள். இரண்டு பேர் மண்டையும் மடேர் என்று மோதியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மேட்டில் குப்புற விழுந்து கிடந்தோம். யாரும் யார் மேலும் பாயவில்லை, இரண்டு பேரும் தடுத்துக்கொண்டிருக்கிறோம்! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவரே உதட்டைக் கடித்துக்கொண்டு எங்களை எழுப்பிவிட்டார். இசக்கியின் பயிற்சியாளர், "என்னம்மா பண்ற? யாரு சொன்னா உன்ன படுக்கச் சொல்லி?" என்று கூப்பாடு போட்டார். இசக்கி முகம் சிவந்துவிட்டது.

நான் நெற்றியைத் தடவிக்கொண்டே அவளைப் பார்த்தேன். ஒன்றரை வருஷம் வேறு ஊர், வேறு பயிற்சி, வேறு மேட். ஆனாலும் ஜாய்ஸ் டீச்சர் குரல் கேட்டதும் அவள் உடம்பு எங்கள் மணல் குழிக்கு வந்துவிட்டது. அவள் மூளைதான் விடுதிக்குப் போயிருக்கிறது. உடம்பு இன்னும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்.

முதல் பாதி முடிந்து அரை நிமிஷ இடைவேளை. டீச்சர் என் முகத்தில் தண்ணீர் அடித்தார். "மன்னிச்சிரு மக்கா, வாய் தானா தொறந்துட்டு" என்று கிட்டத்தட்ட அழுதார்.

"டீச்சர், கடைசி நேரத்துல நான் மூக்கத் தொடைப்பேன். அப்ப அதே மாதிரி கத்துங்க."

டீச்சருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "அதுவும் நம்ம பிள்ளைட்டி."

"அதனாலதான் டீச்சர்."

"சரி, கத்துனா நீயும்லா படுத்துருவ? ஒனக்கும் அதே ஒடம்புதான?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

இரண்டாம் பாதியில் நான் முட்டினேன், முட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை அவளைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டேன். ஒரு புள்ளி. மூன்றுக்கு ஒன்று. வேணி எங்கிருந்தோ "முட்டை உடஞ்சிட்டு!" என்று கத்தினாள். அதற்குமேல் இசக்கி இடம் கொடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து நேரத்தைக் கடத்தினாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. கழுத்தில் வேர்வை ஓடியது. மேலே கடிகாரத்தில் அரை நிமிஷத்துக்கும் குறைவு.

இரண்டு பேரும் கழுத்தில் கழுத்து வைத்து நின்றோம். நான் மூக்கைத் துடைத்தேன்.

துடைத்துவிட்டு எங்கள் வீட்டை நினைத்தேன். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் குஸ்தி வீடியோ ஓடுகிறது. வாசலில் இருந்து அம்மா கத்துகிறாள். எத்தனை வருஷமாகக் கத்துகிறாள்! ஒரு நாளாவது நான் எழுந்திருக்கிறேனா?

"பால் பொங்குதுட்டி! பால் பொங்குது!"

டீச்சர் கத்தியது எங்கேயோ அடுத்த வீட்டில் கேட்டது.

நான் அசையவில்லை. இசக்கி பாய்ந்து போய் அடுப்பை அணைத்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் எப்போதும் செய்வதைப் போலவே. அவள் இரண்டு காலும் பின்னால் போக, தலை என் நெஞ்சுக்குக் கீழே இறங்கியது. நான் அந்தத் தலையை அப்படியே கீழே அமுக்கி, பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போய் அவள் முதுகில் ஏறிவிட்டேன். இரண்டு புள்ளி. மூன்றுக்கு மூன்று. சமமாக நின்றால் கடைசியாகப் புள்ளி எடுத்தவளுக்குத்தான் வெற்றி, அது நான். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் டீச்சருக்கு வாய் திறந்தால் மூடத் தெரியாதே. "தோசை! தோசையப் போடு!" என்றார்.

கேட்டதும் இசக்கி இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, இடுப்பை மேட்டில் பதித்துக்கொண்டாள். இனி அவளைப் புரட்ட முடியாது. அவள் முழு கவனமும் இடுப்பில் இருந்தது. கால் இரண்டும் சும்மா கிடந்தன. நான் வழுக்கிக் கீழே போய்க் கணுக்காலைப் பின்னி முறுக்குப் பிழிந்தேன். ஒரே ஒரு சுற்று. அவள் முதுகு மேட்டைத் தொட்டுத் திரும்பியது. இரண்டு புள்ளி. ஐந்துக்கு மூன்று.

மணி அடித்துவிட்டது.

நான் மல்லாந்து படுத்து விளக்குகளைப் பார்த்தேன். டீச்சர் மேட்டுக்குள் ஓடிவந்து, செருப்போடு வரக்கூடாது என்று திட்டு வாங்கி, செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மறுபடியும் ஓடிவந்தார். நடுவர் என் கையைத் தூக்கினார். மாநிலத்தில் முதலிடம். 53 கிலோ. சுவரோடு நிற்கவைத்து அளந்தவர்கள் யாராவது அரங்கில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இசக்கி எழுந்து வந்தாள். கண் நிறைய தண்ணீர், ஆனால் ஓரப்பல் தெரிந்தது. என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

"சண்டாளி. பால் பொங்குதுன்னா நான் என்னட்டி செய்வேன்? அங்க யாருமே அப்படிச் சொல்ல மாட்டாங்க. எல்லாம் இங்கிலீஷ்தான். ஒன்றரை வருசம் கழிச்சு அந்தக் கொரலக் கேக்கேன், கால் தானா போயிட்டு."

"நீ எங்க வீட்டுல எப்பவும் ஓடுவல்லா" என்றேன். ஒன்றரை வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அடுத்த வருசம் காதுல பஞ்சு வச்சிட்டு வாரேன், பாத்துக்கோ." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஒனக்கு 49 தானட்டி? அங்கன நின்னா சும்மா ஜெயிச்சிருப்பியே. எதுக்கு இங்க வந்த?"

"பசிச்சது."

அவள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வேர்வை நாற்றம் அப்படியே பழைய நாற்றம். மேடையில் போட்டோ எடுக்கும்போது பதக்கத்தைக் கடி என்று சொல்லிக்கொடுத்தாள். கடித்தேன். ருசியாக ஒன்றும் இல்லை. கடலைமிட்டாய் எவ்வளவோ மேல்.

ஜனவரி 11, ஞாயிறு

பஸ்ஸில் டீச்சரிடம் கேட்டேன். "அந்தத் தோசை, வேணும்னே சொன்னீங்களா டீச்சர்? அவள ஏமாத்த?"

"எனக்கு அப்ப தோசைதாம்ட்டி தோணுச்சு" என்றார்.

தெருமுனையில் ஏழு பேரும் மாலையோடு நின்றார்கள். நாமக்கல்லில் ஏறும்போது வாங்கிய ஒரு அட்டை முட்டையை அவர்கள் கையில் கொடுத்தேன். "கேட்டீங்கல்லா, வாங்கிட்டு வந்துட்டேன்" என்றேன்.

தேசியப் போட்டிக்கு அடுத்த மாதம் ரயில்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வாசலில் அடுப்பு வைத்து விடியும் முன்னே பானை ஏற்றினாள் அம்மா. என்னைப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னாள். "போன உள்ள வச்சிட்டு வா. இன்னைக்காவது பானையப் பாரு."

பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. ஓரத்தில் முதலில் ஒரு நுரை எழுந்தது, பிறகு முழுவதும் திரண்டு மேலே வந்தது. அம்மா வாயைத் திறக்கும் முன்னே நான் கத்திவிட்டேன். "பொங்கலோ பொங்கல்!" கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. நல்லதாம். அம்மா குலவை போட்டாள். எதிர் வீட்டிலும் போட்டார்கள்.

உள்ளே போன் அடித்தது. அம்மா போய் எடுத்தாள். பேசிக்கொண்டே வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

"இசக்கி. என்ன சொல்லட்டும்? குளிச்சிட்டிருக்கன்னு சொல்லவா?"

கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினேன். விடுதியில் நிறைய பேர் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் அவள் குரல்.

"ஏட்டி செம்பா, பால் பொங்கிட்டா?"

"பொங்கிட்டுட்டி" என்றேன்.